நாற்பத்தைந்து எழுத்து

இவர் இன்னும் பாயசத்துக்கே வரவில்லை. ரசத்தில்தான் நிற்கிறார். சோற்றைக் கரை மாதிரி ஒதுக்கி, நடுவில் ரசத்தை ஊற்றச் சொல்லி, அது கரை உடைத்து இலை நுனிக்கு ஓடுவதற்குள் உள்ளங்கையால் வாரி, விரலிடுக்கில் ஒழுகுவதை உறிஞ்சி, மறுபடியும் கரை கட்டுகிறார். நான் அவருடைய நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒவ்வோர் உறிஞ்சலுக்கும் அவர் காது கொஞ்சம் மேலே ஏறி இறங்குகிறது. காதுக்குள்ளிருந்து முடி எட்டிப் பார்க்கிறது. பிடரியில் புறப்பட்ட வேர்வை சட்டைக் காலருக்குள் போகிறது. பார்க்காமல் இருக்கலாம், ஆனால் பார்வையை எடுத்தால் பக்கத்து இலை, அதில் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை. அதற்கும் பக்கத்தில் அவர் வீட்டம்மா, அப்பளத்தைச் சாம்பாரில் ஊறவைத்துவிட்டு யாருக்கோ காத்திருக்கிறாள். மூன்று நாற்காலி எனக்கு வேண்டும். ஒன்றைக் கையால் பிடித்திருக்கிறேன், ஒன்றில் என் கைப்பை தொங்குகிறது, ஒன்றில் என் மகள் வர்ஷியின் தண்ணீர் பாட்டில். சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று எப்போது எழுந்திருப்பான் என்று அவன் இலையையே பார்த்துக்கொண்டிருக்கும் இந்த வழக்கத்தை எவன் ஆரம்பித்து வைத்தானோ. நிற்கிற எங்களுக்கும் வெட்கம் கிடையாது, உட்கார்ந்திருக்கிற அவர்களுக்கும் அவசரம் கிடையாது. "ஏ கொடி, நீ போயி பந்தியில மூணு இடம் போடு, இப்ப விட்டா மூணு மணி ஆயிரும்" என்று அத்தைதான் மாடியிலிருந்து விரட்டினாள். வந்துவிட்டேன். வந்திருக்கக் கூடாது. மாடியில் மேடை, மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும், பக்கத்தில் மெல்லிசைக் கச்சேரி, கச்சேரிக்காரர்களுக்குப் பக்கத்தில் என் புருஷன் நயினார், நயினார் கையில் என் மகள். ஒரு பாட்டு முடிந்துவிட்டது. இன்னும் ஒரு பாட்டு. அதற்கு அப்புறம் வர்ஷியை மைக்கில் ஏற்றுவார்கள்.

ஏற்ற விடமாட்டேன். காலையில் தலைபின்னும்போது அவளிடம் சொல்லியிருக்கிறேன். "அம்மா, நான் அந்த வார்த்தை சொல்லணுமா?" என்றாள், கண்ணாடியில் என்னைப் பார்த்து. "வேண்டாம்டா, அம்மா பாத்துக்கிடுதேன்" என்றேன். நாலு வயசுப் பிள்ளை, அதை நம்பி ஒரு மூச்சு விட்டாள் பாருங்கள், அந்த மூச்சு இன்னும் என் கழுத்தில் படுகிறது. ஒரு வாரமாக வீட்டில் சண்டை. கடைசியில் நயினார், "சரி, விடு, கல்யாணத்துல வேண்டாம்" என்றார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் கீபோர்டுக்காரன் தோளில் கைபோட்டு அவர் நின்ற நிற்பிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. "ரெண்டே நிமிஷம் கொடி. எங்க பெரியப்பா மகன் கல்யாணம். சொந்தக்காரங்க எல்லாரும் இருக்காங்க. இங்க சொல்லாம எங்க போயி சொல்ல?" வேண்டாம் என்றேன். எனக்கே கேட்காத மாதிரிதான் சொல்லியிருப்பேன், டிரம்ஸ் சத்தம் வேறு. அதற்குள் அத்தை வந்துவிட்டாள். இவர் பாயசத்துக்கு வந்து, மோருக்கு வந்து, எழுந்து, நான் இந்த நாற்காலியில் பையைப் போட்டுவிட்டு மேலே ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். பாட்டு முடிவதற்குள் முடியும். பையை விட்டுவிட்டு இப்போதே போகலாம். போனால் அந்த மூன்றாவது நாற்காலியை அந்தப் பச்சைப் புடவைக்காரி எடுத்துக்கொள்வாள், அவள் ரொம்ப நேரமாகத் தண்ணீர் பாட்டிலையே முறைத்துக்கொண்டிருக்கிறாள். எடுத்துக்கொள்ளட்டுமே. இல்லை, அடுத்த பாட்டு தொடங்கட்டும்.

"தம்பி, இங்க ரசம்" என்கிறார் இவர். இன்னும் ரசம்.

அந்த வார்த்தையை நான் இட்லியோடு சேர்த்துத்தான் தின்றேன். என் அப்பா தெய்வநாயகம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எஸ்எஸ்எல்சியில் இங்கிலீஷில் இரண்டு தடவை தோற்றுப்போனவர். மூன்றாம் தடவை எழுதவில்லை. நிற்கிற பஸ்ஸில் ஏறி, பேனா சீப்போடு பொது அறிவுப் புத்தகம் விற்பார்களே, உலகத்திலேயே உயரமான கட்டடம், ஆழமான கடல், பறக்காத பறவை, அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தில் உலகத்திலேயே நீளமான இங்கிலீஷ் வார்த்தை. நாற்பத்தைந்து எழுத்து. அதைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ, இங்கிலீஷ் மொத்தத்தையும் ஒரே சாக்கில் கட்டி யாரோ கொடுத்துவிட்ட மாதிரி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கான்வென்ட் டீச்சர் ஒருத்தரிடம் போய் எப்படி வாசிக்க வேண்டும் என்று தமிழில் எழுதி வாங்கினார். எனக்கு அப்போது ஐந்து வயசு. காலையில் தட்டில் இட்லியை ஆறு துண்டாகப் பிய்ப்பார். நியூமோனோ என்று அவர் சொல்ல, நான் திருப்பிச் சொன்னால் ஒரு துண்டு. அல்ட்ரா, ஒரு துண்டு. மைக்ராஸ்கோபிக், அது பெரிய துண்டு. சிலிக்கோ. வால்கேனோ. கோனியோசிஸ். தப்பாகச் சொன்னால் துண்டு பாதி வழியில் நின்றுவிடும், என் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில், சாம்பார் அவர் மணிக்கட்டு வழியாக ஒழுகும், நான் வாயைத் திறந்தபடியே நிற்பேன். அடித்ததில்லை. ஒரு நாள்கூடத் திட்டினதில்லை. துண்டு நிற்கும், அவ்வளவுதான். இன்றைக்கும் எனக்கு சிலிக்கோ என்றால் ஆறிப்போன சாம்பார் வாடை வருகிறது. அதுதான் எப்போதும் சிக்கும். நாக்கு மைக்ராஸ்கோபிக்கில் கொஞ்சம் கூடுதலாகத் தித்தித்துக் கிடந்துவிட்டு அடுத்ததை விட்டுவிடும். முப்பது வயசு தாண்டி, ராத்திரி புரண்டு படுக்கும்போது எங்கிருந்தோ மைக்ராஸ்கோபிக் என்று ஒன்று தலைக்குள் வந்து நின்றுகொண்டு, மிச்சத்தைச் சொல், மிச்சத்தைச் சொல் என்று நச்சரிக்கும். சொல்லி முடித்தால்தான் தூக்கம். இப்படி ஒரு கேவலம் யாருக்காவது உண்டா.

பாயசம் வந்துவிட்டது. இலையிலேயே ஊற்றச் சொல்கிறார். கப்பில் வைத்திருந்ததைக் கவிழ்த்து, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, பழத்தை உரித்துப் பிசைகிறார், விரலுக்கு நடுவில் பழம் பிதுங்கி வெளியே வருகிறது. சின்ன வயசில் என் கன்னத்தைக் கிள்ளாத எண்ணெய்க் கை எங்கள் ஊரில் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, புதுக் கடை திறப்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா, எங்கே மைக் இருக்கிறதோ அங்கே அப்பா என்னை நாற்காலி மேல் ஏற்றிவிடுவார். மைக்கின் தலையில் ஓர் இரும்பு வாடை வரும், எனக்கு முன்னால் பேசினவருடைய வெற்றிலை எச்சில், அதற்கு முன்னால் பேசினவருடைய எச்சில், எல்லாம் காய்ந்து மணக்கும். அதைத்தான் முத்தம் கொடுக்கிற தூரத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். சொல்லி முடித்தால் கை தட்டல். இறங்கினால் முத்தம். மூக்குப்பொடி முத்தம், பல் இல்லாத முத்தம், மீசை குத்துகிற முத்தம். ஒவ்வொன்றும் ஈரம். நான் அப்பாவின் வேட்டியில் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பேன், அதையும் பார்த்துச் சிரிப்பார்கள். "இன்னொண்ணு சொல்லு பாப்பா" என்பார்கள். அப்பா அதற்கும் தயாராகத்தான் இருப்பார். ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன். அது இருபத்தொன்பது எழுத்து. ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம், அது ஒன்று குறைச்சல். பிள்ளையார் சதுர்த்தி மாதிரிப் பெரிய கூட்டத்துக்கு மட்டும் ஹிப்போபோட்டோமான்ஸ்ட்ரோசெஸ்க்விபெடாலியோஃபோபியா. நீளமான வார்த்தையைக் கண்டால் வருகிற பயத்துக்கு அதுதான் பெயராம். பயப்படுகிறவனுடைய நோய்க்கே அத்தனை நீளத்தில் பெயர் வைத்தவன் என் கையில் கிடைத்தால் அவனை இந்தப் பந்தியில் இவருக்குப் பின்னால் நிற்கவைப்பேன், அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியவில்லை. எதற்கும் அர்த்தம் யாரும் கேட்டதில்லை. எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவை, கூட்டத்தில் ஒரு பொம்பளை, "அதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்றாள். அப்பா அவளை, கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

மேலே இரண்டாவது பாட்டு தொடங்கிவிட்டது. இங்கே பந்தியில் சாப்பிடுகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று மூலையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைத்திருக்கிறார்கள், அது ஒவ்வொரு தாளத்துக்கும் நடுங்குகிறது. நல்ல வேளை, நீளமான பாட்டு. பல்லவியே இரண்டு தடவை பாடுகிறான்.

அர்த்தத்தை எனக்கு ஒரு டாக்டர்தான் சொன்னார். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே எந்தப் பெயரையும் முழுசாகச் சொல்ல மாட்டோம். அமாக்சி, செட்ரி, பாரா, தலையை மட்டும் சொன்னால் போதும், மிச்சத்தை அட்டையே சொல்லும். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு வேறு காரணம் கிடையாது. ஒருநாள் மருந்துச் சீட்டைப் பற்றிப் பேச வந்த டாக்டரிடம், ஏதோ ஒரு துணிச்சலில், சார் நியூமோனோ அல்ட்ரா என்று தொடங்கி முழுசாகச் சொல்லி, இது என்ன வியாதி சார் என்றேன். அவர் சிரித்தார். "தூசி நுரையீரல்ல போயி வர்ற வியாதிம்மா. நாங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். சிலிக்கோசிஸ்னு சொல்லிட்டுப் போயிருவோம். அந்த வார்த்தைய நீளமா இருக்கணும்னே யாரோ வேணும்னு கட்டி விட்டிருக்காங்க." வேண்டுமென்றே. நீளமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே. எந்த ஆஸ்பத்திரியிலும் எந்த நோயாளி தலைமாட்டிலும் எழுதாத ஒரு பெயர். அதைச் சொல்ல வேண்டும், கேட்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும், அதற்கு மேல் அதற்கு ஒரு ஜோலியும் கிடையாது. அன்றைக்கு முழுக்க யாருக்கும் சில்லறைகூடச் சரியாகக் கொடுக்க முடியவில்லை. என் வாயில் இத்தனை வருஷம் கிடந்தது அழுகல்கூட இல்லை, ஒன்றுமே இல்லை. மதுரையில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனது அதற்கு முன்னால். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்." அவ்வளவுதான் கேள்வி. மை நேம் இஸ் பொற்கொடி என்பதோடு நின்றுவிட்டேன். அடுத்த வாக்கியம் இங்கிலீஷில் என்னிடம் இல்லவே இல்லை. நடுவில் இருந்தவர் என் பயோடேட்டாவைப் பார்த்தார். பொழுதுபோக்கு என்ற இடத்தில் அப்பா எழுதவைத்திருந்தது இருந்தது. "லாங் வேர்ட்ஸா? எங்கே, ஒண்ணு சொல்லுங்க பாப்போம்." சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னேன். மூன்று பேரும் கைதட்டினார்கள், சிரித்தார்கள், டீ வரவழைத்துக் கொடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது அந்த டீ வாயில் திரும்பத் திரும்ப வந்தது.

"ஏம்மா, சேரைப் போட்டு இந்த உலுக்கு உலுக்குதியே, சாப்பிடட்டா வேண்டாமா?" இவர் திரும்பிப் பார்க்கிறார். மீசையில் ஜவ்வரிசி. "இல்லண்ணாச்சி, நீங்க சாப்பிடுங்க" என்கிறேன். "பிள்ளைக்குப் பசிக்குமேன்னுதான்." "ஆகட்டும் தாயி, மோர் மட்டுந்தான் பாக்கி" என்று திரும்பிக்கொள்கிறார். நல்ல மனுஷன்தான் போல. மோர் இன்னும் அந்தக் கோடி வரிசையில் நிற்கிறது.

பெண் பார்க்க வந்தபோது நயினார் அம்மா, "பொண்ணு பாடுமா?" என்றாள். எல்லா வீட்டிலும் கேட்கிறதுதான். அப்பா, "பாட்டெல்லாம் எல்லாரும் பாடுதாங்க, எம்பொண்ணு ஒரு வார்த்தை சொல்லுவா, கேளுங்க" என்றார். பட்டுப்புடவை, தலைநிறையப் பூ, கையில் காப்பித் தட்டு, குனிந்த தலை, அப்படியே நின்றுகொண்டு தரையைப் பார்த்துச் சொன்னேன். எத்தனையோ பொம்பளைகளைப் பாட வைத்திருப்பார்கள், ஆட வைத்திருப்பார்கள், ஊசியில் நூல் கோக்க வைத்திருப்பார்கள், நுரையீரல் வியாதியின் பெயரைச் சொல்லிக் கல்யாணம் ஆனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நயினார் குழந்தை மாதிரிச் சிரித்தார். கல்யாணமான முதல் வாரம், படுக்கையில், விளக்கை அணைத்த பிறகு, "ஏ கொடி, அதைச் சொல்லேன்" என்பார். சொல்வேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சொல்லி முடித்ததும் என்னைக் கட்டிக்கொள்வார். அருவருப்பாக இருந்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். இருந்ததா? இருட்டில் அவர் கேட்பதற்காகக் காத்துக்கொண்டுதான் கிடந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. முத்தத்தைத் துடைத்துக்கொண்டேன், சரி. கைதட்டலை எங்கே துடைத்தேன்? சொல்லத் தொடங்குவதற்கு முன்னால் கூட்டம் அடங்குமே, அத்தனை பெரிய மனுஷர்களும் வாயை மூடிக்கொண்டு என் வாயையே பார்ப்பார்களே, அந்த ஒரு கணம், அது பிடிக்கும். பிடிக்கவே பிடிக்காது என்று சொன்னால் பொய். பிடித்துத்தான் தொலைத்தது. இட்லித் துண்டு பற்றிக்கூட நான்தான் அவரிடம் சொன்னேன், வேடிக்கை மாதிரி, அவரைச் சிரிக்கவைப்பதற்காக. அவர் அதைப் பிடித்துக்கொண்டு, வர்ஷிக்கு க்ரீம் பிஸ்கட்டை ஆறாகப் பிய்க்கிறார். ஹாலில் உட்கார்ந்து பிய்ப்பார், நான் அடுப்படியில் இருப்பேன். நியூமோனோ என்று அவர் குரல். பிஸ்கட் மெல்லுகிற சத்தம். அல்ட்ரா. மெல்லுகிற சத்தம். அப்புறம் மெல்லாத சத்தம். அந்த மெல்லாத சத்தத்தில் நான் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவேன். ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். பிஸ்கட் அந்தரத்தில் நிற்கிறது, பிள்ளை வாயைத் திறந்து வைத்திருக்கிறது, உதட்டோரம் எச்சில் வழிகிறது. அன்றைக்குத்தான் சண்டையைத் தொடங்கினேன். "நீ சொன்னே, உனக்குக் கை தட்டினாங்க, அவளுக்கு மட்டும் வேண்டாமா? பொறாமையா?" என்றார் நயினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கு எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரியாது.

அப்பாவின் கடைசி நாட்களும் இதில்தான் முடிந்தன. ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மூடி. ஊசி போட வந்த நர்ஸிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று கையை ஆட்டினார். தண்ணீரா, அம்மாவைத் தேடுகிறாரா என்று நாங்கள் பதறினோம். மூடியை அவரே நகர்த்திவிட்டு, "சிஸ்டர், எம்பொண்ணு... ஒரு வார்த்தை சொல்லுவா" என்றார். என்னைப் பார்த்தார். மூச்சு இரைக்கிறது, நெஞ்சு எலும்பு ஏறி இறங்குகிறது. நுரையீரல் வியாதியின் பெயர். நுரையீரல் நிறையச் சளியோடு படுத்திருக்கிறவருக்கு. சொன்னேன், என்ன செய்ய. நர்ஸ் காதில் வாங்கவே இல்லை, டிரிப்ஸ் இறங்குகிறதா என்று குழாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் முகத்தையே பார்த்தார். அவள் திரும்பவில்லை. அதற்கப்புறம் மூடியைத் திரும்ப வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவர்மேல் கோபப்படவே முடியாதபடி செய்துவிட்டுப் போய்விட்டார் மனுஷர்.

மோர் வந்துவிட்டது. மோரை உள்ளங்கையில் வாங்கி, மணிக்கட்டு வரை ஒழுகவிட்டு... பாட்டு நின்றுவிட்டது. எப்போது நின்றது? இவர் மோரைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கைதட்டல். ஸ்பீக்கர் கரகரக்கிறது. "அடுத்ததாக, ஒரு சின்ன இடைவேளை நேயர்களே" என்கிறான் அறிவிப்பாளன். "நம்ம நயினார் அண்ணாச்சி மகள், நாலே வயசான செல்வி வர்ஷிதா, உலகத்திலேயே நீளமான ஆங்கில வார்த்தையை இப்ப உங்க முன்னாடி..." இல்லை. நான் மேலே போயிருக்க வேண்டும். கை நாற்காலியை விடவில்லை. "சொல்லுடா தங்கம்" என்கிறது நயினார் குரல். மைக்கில் மூச்சுக் காற்று, ஸ்பீக்கர் பெட்டிக்குள் யாரோ ஊதுகிற மாதிரி. என் பிள்ளையின் மூச்சு. பந்தியில் எல்லாரும் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு மூலையைப் பார்க்கிறார்கள், இவர்கூட மோரை நிறுத்திவிட்டார். நியூமோனோ. சின்னக் குரல். அல்ட்ரா. மைக்ராஸ்கோபிக். நிற்கிறது. நின்றுவிட்டது. எனக்குத் தெரியும், அங்கேதான் நிற்கும். மூச்சு மட்டும் வருகிறது. "மைக்ராஸ்கோபிக்..." என்று மறுபடியும். மேலே யாரோ சிரிக்கிறார்கள், பிரியமாகத்தான் சிரிக்கிறார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. "சிலிக்கோ" என்கிறேன் நான். இங்கே, பந்தியில், இவர் தலைக்குப் பின்னால். "சிலிக்கோ, சிலிக்கோ வால்கேனோ, சொல்லுடி." சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இவர் திரும்பி, "என்னம்மா?" என்கிறார். ஸ்பீக்கரில் என் மகள், "அம்மா எங்க?" என்று கேட்கிறாள்.

ஓடுகிறேன். பை, பாட்டில், நாற்காலி, எல்லாம் பச்சைப் புடவைக்காரிக்கே. கை கழுவுகிற இடத்தில் வழுக்குகிறது, எச்சில் தண்ணீர், செருப்பு இல்லாத காலில் சோற்றுப் பருக்கை ஒட்டுகிறது, மாடிப்படியில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன். பிள்ளையைத் தூக்க வேண்டும், கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவளுக்கு நாலு வயசுதான் ஆகிறது, விடுங்கள், எல்லாரும் சாப்பிடப் போங்கள் என்று. அவ்வளவுதான். தமிழில்தானே, சொல்லிவிடலாம். ஒவ்வொரு படிக்கும் அதைச் சொல்லிக்கொண்டே ஏறுகிறேன். சொல்லிக்கொண்டே ஏறும்போது அடியில் இன்னொன்றும் ஓடுகிறது, சிலிக்கோவில் போய் நின்றுவிட்டாளே, எத்தனை பேர் பார்க்கிறார்கள், இன்னும் ஒரு வாரம் நானே சொல்லிக்கொடுத்திருந்தால் நின்றிருக்க மாட்டாளே என்று. சீ. இதை யார் நினைக்கிறது? நானா? மேடை மேல் வர்ஷி தலையைக் குனிந்துகொண்டு பாவாடையைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டுகிறாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள், முகமெல்லாம் ஈரம். நயினார் முகத்தில் அசடு வழிகிறது, என்னைப் பார்த்ததும் அது மாறுகிறது, "இதோ, அவங்க அம்மாவே வந்துட்டாங்க! எங்க மாமனார் இவளைச் சின்ன வயசுல ஊரு ஊராக் கூட்டிட்டுப் போயி..." என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டே மைக்கை என் கையில் திணிக்கிறார். வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன்? சொல்வதற்குத்தான், அவளை விடுங்கள் என்று சொல்வதற்குத்தான்.

கூட்டம் அடங்குகிறது. முந்நூறு பேர் இருப்பார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும்கூட நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து என் வாயைப் பார்க்கிறார்கள். அந்த இரும்பு வாடை. வர்ஷி என் கழுத்தில் மூச்சு விடுகிறாள், அம்மா பாத்துக்கிடுவா என்ற மூச்சு. வாயைத் திறந்தேன். அவளுக்கு நாலு வயசுதான் ஆகிறது, விடுங்கள், என்று தொடங்கத்தான் திறந்தேன். வந்தது வேறு. நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ். ஒரே மூச்சு. எங்கும் சிக்கவில்லை. சின்ன வயசில்கூட அத்தனை சுத்தமாக வந்ததில்லை. கீழே பந்தி வரைக்கும் என் குரல் போய்த் திரும்புகிற சத்தம் எனக்கே கேட்டது. மண்டபமே கைதட்டுகிறது, டிரம்ஸ்காரன் வேறு ஒரு உருட்டு உருட்டுகிறான், நயினார் பூரித்துப்போய் நிற்கிறார். எனக்கு உள்ளங்காலிலிருந்து ஒரு சூடு ஏறுகிறது, முகம் தானாகச் சிரிக்கிறது, நிறுத்தப் பார்க்கிறேன், நிற்கவில்லை.

வர்ஷி கழுத்திலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது. என் வாயைத்தான் பார்த்தாள், அதில் இருந்த சிரிப்பை.

"இறக்கி விடு" என்றாள்.

"வர்ஷிமா" என்றேன். மைக் இன்னும் வாய்க்குப் பக்கத்தில் இருந்ததால் அதுவும் மண்டபம் முழுக்கக் கேட்டது, கூட்டம் சிரித்தது.

"இறக்கி விடும்மா."

இறக்கி விட்டேன். கையை நீட்டினேன், பிடிக்கவில்லை. மேடைப் படி அவளுக்கு உயரம். உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு படியாக அவளாகவே இறங்கினாள், அவள் அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, கை தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் நுழைந்து போனாள்.